கட்டுக்கயிறு எவ்வளவு நீளம்? கால்நடைகளை அடைத்து வளர்ப்பதும் சட்டமும்

இன்று மாலை பால் கறந்து முடித்ததும் ஒரு காரியம் செய்து பாருங்கள். கட்டுத்தறியில் நிற்கும் பசுவின் கழுத்திலிருந்து முளை வரை உள்ள கயிற்றை முழம் போட்டு அளந்து கொள்ளுங்கள். பிறகு சற்று விலகி நின்று பசு படுப்பதைக் கவனியுங்கள். முன்னங்கால்களை மடக்கிப் படுக்கும்போது தலை தாராளமாகத் தரைக்கு வருகிறதா? படுத்தபடியே கழுத்தைத் திருப்பி விலாவில் மொய்க்கும் ஈயை விரட்ட முடிகிறதா? பசு எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் ஊன்றும். அதற்காகத் தலையை முன்னே நீட்டி ஓர் உந்து உந்தும். அந்த உந்துதலுக்குக் கயிறு இடம் கொடுக்கிறதா, அல்லது கழுத்தைப் பிடித்து இழுக்கிறதா?

இவை மாட்டின் சௌகரியத்தைப் பற்றிய கேள்விகள் மட்டும் அல்ல. நம் நாட்டுச் சட்டம் ஒன்று 1960-ஆம் ஆண்டு முதல் இவற்றையே நம்மிடம் கேட்டு வருகிறது. பெரிய கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கும் வாசலில் ஒரே ஒரு வெள்ளாடு கட்டியிருப்பவருக்கும் அந்தச் சட்டம் பொது. ஆனால் அதன் விபரம் கிராமங்களில் அதிகம் தெரியாது. சந்தைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தும்போதுதான் பலர் அதைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள்.

சட்டத்தில் உள்ள வாசகம்

1890-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியில் இயற்றப்பட்ட பழைய சட்டத்திற்குப் பதிலாக வந்ததே பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. இதற்கு வித்திட்டவர் நம் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். நாட்டியத்திற்காக நாம் அறிந்த அவர், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது 1950-களில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். பின்னர் அரசின் சட்டம் நிறைவேறி, 1962-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியமும் அமைந்தது. அம்மையாரே அதன் முதல் தலைவர்.

இச்சட்டத்தின் 11-ஆவது பிரிவு, குற்றமாகும் செயல்களை உட்பிரிவுகளாக வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் மூன்று, கால்நடைகளை அடைத்தும் கட்டியும் வளர்ப்பதைத் தொடுகின்றன. பிராணி நகர்வதற்கு நியாயமான வாய்ப்பு அளிக்கும் அளவுக்கு உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டிலோ வேறு அடைப்பிலோ அதை வைப்பது ஒரு குற்றம். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியாலோ கயிற்றாலோ நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது இன்னொன்று. சொந்தக்காரர் போதிய தீவனம், தண்ணீர், தங்கும் இடம் தராதிருப்பது மூன்றாவது.

இரண்டாவது வாசகத்தைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். கயிறு குட்டை என்பது மட்டும் குற்றம் ஆவதில்லை. குட்டைக் கயிற்றோடு நேரமும் மிகுதியாக இருக்க வேண்டும். பால் கறக்கும்போதும், ஊசி போடும்போதும், லாடம் அடிக்கும்போதும் மாட்டை முளையோடு நெருக்கிக் கட்டுகிறோம். அதைச் சட்டம் தடுக்கவில்லை. கறந்த பிறகும் அதே முடிச்சில் மறுநாள் காலை வரை விட்டுவிடுவதைத்தான் கேட்கிறது. கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரமும் ஓர் அடைப்புதான். வல்லூறுக்கும் பூனைக்கும் பயந்து சில மணி நேரம் மூடி வைப்பதற்கும், நான்கு கோழிகளை ஒரே பஞ்சாரத்தில் வெயிலில் நாள் முழுவதும் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுப் பெண்கள் சட்டம் படிக்காமலே அறிவார்கள்.

தண்டனை என்ன? 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் குற்றத்திற்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அக்காலத்தில் 50 ரூபாய் சிறு தொகை அல்ல. இன்று ஒரு மூட்டைத் தவிட்டுக்குக்கூட அது போதாது என்பதால் சிலர் அலட்சியமாகப் பேசுவதுண்டு. ஆனால் உண்மையான செலவு அபராதத்தில் இல்லை. வழக்கு முடியும் வரை பிராணியைப் பராமரிப்பு இல்லத்தில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அங்கே கொண்டு சேர்க்கும் செலவும், தீவனச் செலவும், வைத்தியச் செலவும் சொந்தக்காரரைச் சேரும். கறவையில் இருக்கும் மாடு ஒரு மாதம் வேறிடத்தில் நின்றால் என்ன இழப்பு என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

'நியாயமான' என்றால் எவ்வளவு?

இச்சட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கின்றன. எத்தனை அடி, எத்தனை மணி என்று சட்டத்தில் இல்லை. யானை முதல் கோழி வரை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டிய சட்டத்தில் அப்படி எழுதவும் இயலாது. ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் அந்தப் பிராணியின் இயல்பை வைத்தும், கால்நடை மருத்துவரின் கருத்தை வைத்தும்தான் முடிவு காண வேண்டியிருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத் தீர்ப்பு ஒன்றில் இதற்கு ஒரு வழிகாட்டியைக் கொடுத்தது. பசி தாகம் இன்றி இருத்தல், வசதிக்குறைவு இன்றி இருத்தல், வலியும் காயமும் நோயும் இன்றி இருத்தல், அச்சமும் வேதனையும் இன்றி இருத்தல், தன் இனத்துக்குரிய இயல்பான நடத்தையை வெளிப்படுத்த முடிதல் ஆகிய ஐந்து சுதந்திரங்களையும் இச்சட்டத்தின் 3-ஆவது, 11-ஆவது பிரிவுகளில் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கூறியது. அது ஜல்லிக்கட்டு பற்றிய வழக்கு. ஜல்லிக்கட்டைப் பொறுத்தவரை 2017-இல் தமிழ்நாடு திருத்தச் சட்டம் இயற்றியதும், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றதும் நீங்கள் அறிந்ததே. வாடிவாசலைப் பற்றி நாடே பேசியது. அதே தீர்ப்பில் மாட்டுக் கொட்டகைக்கும் ஒரு செய்தி இருந்ததை ஒருவரும் பேசவில்லை.

இந்த ஐந்து சுதந்திரங்கள் எங்கிருந்து வந்தன? அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் உபயோகமாக இருக்கும். ஏனெனில் நாம் இன்று வாங்கலாமா என்று யோசிக்கும் கூண்டுகளை மற்றவர்கள் வாங்கிப் பார்த்து, சட்டம் போட்டு, கழற்றியும் விட்டார்கள்.

இங்கிலாந்தில் ஒரு புத்தகம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேலை நாடுகளில் கோழி, பன்றி, கன்று ஆகியவற்றை ஆலையில் பொருள் செய்வது போலக் கொட்டகைக்குள் அடைத்து வளர்க்கும் முறை பரவியது. ஆள் கூலி மிச்சம், இடம் மிச்சம், தீவனம் மிச்சம். ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி இப்பண்ணைகளைப் பற்றி 1964-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். திரும்பக்கூட முடியாத பெட்டியில் கன்றுகள் நிற்பதையும், கம்பிக் கூண்டில் கோழிகள் நெருக்கி அடைக்கப்படுவதையும் படித்த மக்கள் கொதித்தார்கள். அரசு, விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

அக்குழு 1965-இல் அளித்த அறிக்கையில் ஓர் எளிய அளவுகோல் இருந்தது. எப்படி வளர்த்தாலும் சரி, பிராணியால் எழ முடிய வேண்டும், படுக்க முடிய வேண்டும், திரும்ப முடிய வேண்டும், உடம்பை நக்கியும் கோதியும் சுத்தம் செய்து கொள்ள முடிய வேண்டும், கைகால்களை நீட்ட முடிய வேண்டும். இந்த ஐந்தும் எந்தக் கருவியும் இன்றி எவரும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. நாம் மேலே பசுவிடம் கேட்ட கேள்விகளும் இவையே. பின்னர் 1979-இல் அமைந்த பண்ணைப் பிராணிகள் நலக் குழு இவற்றை விரித்து, முன் சொன்ன ஐந்து சுதந்திரங்களாக்கியது.

சுவிட்சர்லாந்தில் 1978 டிசம்பரில் பிராணிப் பாதுகாப்புச் சட்டத்தை மக்களின் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மக்கள் ஆதரித்தார்கள். 1981-இல் அது அமலுக்கு வந்தது. முட்டைக்கோழிக் கூண்டுகளை அகற்றப் பண்ணைக்காரர்களுக்குப் பத்து ஆண்டு தவணை தரப்பட்டது. ஸ்வீடன் நாட்டில் குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் அம்மையார், வயது எண்பதை நெருங்கும் காலத்தில் ஒரு கால்நடை மருத்துவப் பெண்மணியுடன் சேர்ந்து பத்திரிகைகளில் எழுதிப் போராடினார். 1988-இல் அங்கும் சட்டம் வந்தது. கறவை மாடுகளைக் கோடைக் காலத்தில் மேய்ச்சலுக்கு விட்டே ஆகவேண்டும் என்பது அந்நாட்டு விதி. பனி கொட்டும் நாட்டில் மாட்டை வெளியே விடுவதற்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே வரும் நம் ஊரிலும் மாடு பகல் முழுவதும் கொட்டகையிலேயே நிற்கும் வழக்கம் வந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கோழிக் கூண்டு: ஒரு கணக்கு

நம் மாநிலத்தில் அடைத்து வளர்ப்பது என்றதும் நினைவுக்கு வருவது நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகள். ஆகவே கோழியைப் பற்றி விரிவாகவே பார்ப்போம்.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1980-களில் கூண்டுக் கோழிக்கு வைத்த குறைந்தபட்ச இடம் 450 சதுர சென்டிமீட்டர். 1999-இல் புதிய ஆணை பிறந்தது. அதன்படி பழைய வகைக் கூண்டிலும் 2003 முதல் கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் தர வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டே கூடாது. கூண்டு வைப்பதானால் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம், முட்டையிட ஒதுக்குப்புறமான கூடு, கோழி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் நீளத்தில் அமரும் குச்சி, கிளறுவதற்குக் கூளம் ஆகியவை இருக்க வேண்டும். கூண்டின்றிக் கொட்டகையில் விடுவதானால் சதுர மீட்டருக்கு 9 கோழிக்கு மேல் கூடாது.

கூடும் குச்சியும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முட்டையிடப் போகும் நாட்டுக்கோழி வைக்கோல் போருக்கும் அடுக்குப் பானைக்கும் இடையே இடம் தேடி அலைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேடல் கூண்டுக் கோழியிடமும் அப்படியே இருக்கிறது. தேடக் கிடைக்காதபோது கம்பியை ஒட்டி முன்னும் பின்னும் தவித்துக்கொண்டே இருக்கும். மண்ணில் புரண்டு இறகைச் சுத்தம் செய்வதும், இருட்டியதும் உயரத்தில் ஏறி அமர்வதும் அப்படிப்பட்டவையே. ஓடியாடாத கோழியின் எலும்பு வலுவிழக்கிறது. முட்டை உற்பத்தி முடிந்து பிடிக்கும்போது கால், இறக்கை எலும்புகள் முறிவதைப் பண்ணைகளில் பார்க்கலாம்.

இப்போது நம் கூண்டைக் கணக்கிடுவோம். ஒரு கூண்டு 18 அங்குல நீளம், 15 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஆகவே கூண்டின் பரப்பு ஏறக்குறைய 1740 சதுர சென்டிமீட்டர். அதில் 4 கோழிகள் விட்டால் ஒன்றுக்கு 435. ஐரோப்பாவில் 1980-களில் வைத்த அளவுக்கும் அது குறைவு. அதே கூண்டில் 3 கோழிகள் விட்டால் ஒன்றுக்கு 580. ஒரு கோழியைக் குறைப்பதால் கூண்டுச் செலவு கோழிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது உண்மை. இறப்பும் கொத்திக் கொள்வதும் குறைவதை அதற்கு எதிரில் எழுதிப் பார்க்க வேண்டும். எல்லாப் பண்ணைக்கும் ஒரே விடை வராது. கூண்டு வியாபாரி சொல்லும் எண்ணிக்கையை அப்படியே ஏற்பதைவிட நீங்களே அளந்து வகுத்துப் பார்ப்பது மேல்.

நம் நாட்டில் இதுபற்றி இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தன் 269-ஆவது அறிக்கையை அளித்தது. முட்டைக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றை வைத்து வளர்ப்பதையும் கொண்டு செல்வதையும் பற்றியதே அந்த முழு அறிக்கையும். விதிகளுக்கான வரைவும் அத்துடன் இணைக்கப்பட்டது. ஆகவே கடன் வாங்கிப் புதிதாகக் கூண்டு அமைக்க இருப்பவர்கள், அந்தக் கடன் அடையும் ஆண்டு வரை விதி எப்படிப் போகும் என்று யோசிக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை இணை இயக்குநர் அலுவலகத்தில் நடப்பில் உள்ள விதியைக் கேட்டு எழுத்து மூலமாகப் பெற்றுக் கொள்ளுங்கள். புதிய கூண்டு எதுவாயினும் கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது எம் கருத்து.

கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இங்கே ஓர் ஆறுதலான செய்தி. ஐரோப்பிய விதியில் கறிக்கோழிக்கு அளவு எடைக்கணக்கில் உள்ளது. சதுர மீட்டருக்கு 33 கிலோ, கூடுதல் நிபந்தனைகளுடன் அதற்கு மேல். நம் திறந்த பக்கக் கொட்டகைகளில் கோழிக்கு ஒரு சதுர அடி என்று விடுகிறோம். அப்படியானால் சதுர மீட்டருக்கு 10 அல்லது 11 கோழி. இரண்டு கிலோ எடையில் விற்றால் 22 கிலோவுக்குள்தான் வரும். நம் வெப்பத்தில் அதற்கு மேல் நெருக்கவும் கூடாது. இந்த ஒரு சதுர அடியைச் சித்திரை, வைகாசியில் குறைக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள்.

தவணை தந்தும் தடுமாறியவர்கள்

சட்டம் நல்லது என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்காரர் படும் பாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. ஐரோப்பாவில் கூண்டை மாற்ற 12 ஆண்டுக்கு மேல் தவணை இருந்தது. இருந்தும் 2012 ஜனவரி பிறந்தபோது 13 நாடுகளுக்கு ஐரோப்பிய ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று. கடன் வாங்கிக் குறித்த நாளில் மாற்றி முடித்தவர்கள், மாற்றாதவரின் மலிவு முட்டையோடு சந்தையில் போட்டியிட நேர்ந்தது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கசப்பானது. சினைப் பன்றியைத் திரும்ப முடியாத ஒற்றைக் கொட்டடியில் அடைப்பதை அந்நாடு 1999-இல் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான தடை 2013-இல்தான் வந்தது. அதுவும் சினையின் முதல் நான்கு வாரம் நீங்கலாக. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கொட்டடியில் வளர்ந்த பன்றியின் இறைச்சி கடல் கடந்து பிரிட்டனுக்கு வந்துகொண்டே இருந்தது. உள்நாட்டில் பன்றி வளர்ப்பு வெகுவாகச் சுருங்கியது. நோய், விலை வீழ்ச்சி, நாணய மதிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. எனினும் பண்ணைக்காரரின் மனக்குறை நியாயமானதே.

இதற்கு விடை காண முயன்றது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே 2018-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், வளர்ப்பவரை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. வேறு மாநிலத்தில் வளர்ந்ததாயினும், தாய்ப் பன்றிக்கு 24 சதுர அடி இடம் தராமல் வளர்த்தால் அதன் இறைச்சியைக் கலிபோர்னியாவில் விற்கக் கூடாது என்றது. பன்றி வளர்ப்போர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சட்டத்தின் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமுமாகப் பிரிந்து, சட்டம் நிலைத்தது. நாளை நம் நாட்டில் அளவுகள் கடுமையாகும்போது நம் சங்கங்கள் கேட்க வேண்டியதும் இதுவே. போதிய தவணை வேண்டும், மாற்றுவதற்குக் கடனுதவி வேண்டும், விதி எல்லா மாநிலத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கயிற்றுக்குத் திரும்புவோம்

கோழிக்கும் பன்றிக்கும் அடி அங்குலம் எழுதிய நாடுகள் கயிற்றைப் பற்றியும் எழுதியிருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் கட்டி வளர்க்கும் மாட்டை ஆண்டில் குறைந்தது 90 நாள் வெளியே நடமாட விட வேண்டும். அதில் 60 நாள் புல் வளரும் காலத்திலும் 30 நாள் குளிர் காலத்திலும் இருக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி கன்றைக் கட்டவே கூடாது. கூட்டமாக வளரும் கன்றுகளைப் பால் குடிக்கும் நேரத்தில் மட்டும் ஒரு மணிக்கு மிகாமல் கட்டலாம். எட்டு வாரத்துக்கு மேல் தனிக் கொட்டடியில் அடைக்கவும் கூடாது.

இந்த வெளிநாட்டு விதிகள் நம்மைக் கட்டுப்படுத்தா. ஆனால் நம் கொட்டகையில் மிகக் குட்டையான கயிறு யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கன்றுக்குத்தான். தாயிடம் ஓடி ஊட்டிவிடும் என்று பயந்து ஒரு முழக் கயிற்றில் மூலையில் கட்டிவிடுகிறோம். நாள் முழுவதும் அது தன் மூத்திரத்திலேயே படுத்திருக்கும். கழிச்சலும் இருமலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. நான்கு கம்பு நட்டு மூங்கில் பட்டி அடைத்து இரண்டு மூன்று கன்றுகளை அவிழ்த்து விட்டால் ஊட்டவும் ஊட்டாது, ஓடியாடவும் செய்யும். ஒரு நாள் வேலை.

பெரிய மாட்டுக்குக் கயிறு நீளமானால் காலில் சுற்றிக்கொள்ளும் என்று பலர் சொல்வதில் உண்மை உண்டு. முளையின் தலையிலோ கழுத்துப் பட்டையிலோ சுழலும் இரும்பு வளையம் மாட்டினால் முறுக்கு விழாது. அதற்கும் இயலாதவர்கள் பகலில் இரண்டு வேளையாவது அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டி வரை நடத்திச் சென்று சிறிது நேரம் வெளியில் விடலாம். கறவை மாடு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்து அசைபோட வேண்டும். படுக்கத் தயங்கி நிற்கும் மாட்டின் முழங்கால் வீக்கமும் குளம்புப் புண்ணும் பாலில் தெரியும். வயலில் முளையடித்து மேய விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் நிழல் இருந்த இடத்தில் நண்பகலில் நிழல் இராது. கயிறு எட்டும் தூரத்தில் மர நிழலும் தண்ணீரும் இல்லையென்றால், மேலே சொன்ன மூன்றாவது உட்பிரிவும் சேர்ந்து கொள்ளும்.

கொட்டகை கட்டுவோருக்கு நம் நாட்டில் பரிந்துரைக்கப்படும் அளவுகள் இவை. பசு ஒன்றுக்குக் கூரைக்கு அடியில் 3.5 சதுர மீட்டரும் திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும், எருமைக்கு 4-ம் 8-ம், இளங்கன்றுக்கு 1-ம் 2-ம், வளர்ந்த ஆட்டுக்கு 1-ம் 2-ம். இவை சட்டம் அல்ல, பரிந்துரையே. ஆயினும் 'நியாயமான' இடம் எது என்ற கேள்வி எழும்போது காட்டுவதற்கு உங்கள் கையில் ஓர் அளவு இருக்கும். திறந்தவெளிக்கு இடமில்லாதவர்கள் களத்தைப் பகலில் அடைப்பாக்கிக் கொள்ளலாம்.

வண்டியில் ஏற்றும்போது

ஓடும் வண்டியும் ஓர் அடைப்புதான். அதிக வழக்குகளுக்கு இடமளிப்பதும் இதுவே. இதற்கு மட்டும் நம் நாட்டில் 1978 முதலே எண்கள் எழுதப்பட்டுள்ளன. 1978-ஆம் ஆண்டுப் பிராணிகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. மாடு ஒன்றுக்குச் சராசரியாக 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். தரையில் வழுக்காதபடி தென்னை நார்ப் பாயோ மரப்பலகையோ இட வேண்டும். வேறு சரக்கைக் கூடவே ஏற்றக் கூடாது. மாடுகள் என்ஜினைப் பார்த்து நிற்பது நல்லது. உடன் ஓர் ஆள் செல்ல வேண்டும். நாலரை அல்லது ஐந்து டன் வண்டியில் 40 ஆட்டுக்கு மேல் கூடாது. கிடாவையும் பெட்டையையும் ஒரே தடுப்பில் கலக்கக் கூடாது. ஆறு வாரத்துக்குட்பட்ட குட்டிகளுக்குத் தனித் தடுப்பு வேண்டும்.

வண்டி வாடகையை மிச்சம் பிடிக்கக் கூட்டாகச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மாடு ஏற்றுவது சந்தை நாட்களில் வழக்கம். ஒரு மாடு கீழே விழுந்தால் மற்றவை மிதிக்கும். கால் ஒடிந்த மாட்டுக்கு இறங்கும் இடத்தில் விலை கிடையாது. அந்த நஷ்டம் வண்டிக்காரருக்கு அல்ல, நமக்குத்தான். புறப்படுமுன் கால்நடை மருத்துவரிடம், மாடு பயணத்துக்கு ஏற்ற நிலையில் உள்ளது, தொற்றுநோய் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். அச்சான்று இல்லாமல் ஏற்ற மறுக்க வேண்டியது வண்டிக்காரரின் கடமை. சான்று மாட்டோடு வண்டியிலேயே செல்ல வேண்டும். சந்தைக்குக் கோழியைக் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சைக்கிளில் கொண்டு போவதும் குற்றமே. அகலமான மூங்கில் கூடையில் கொண்டு சென்றால் எடையும் குறையாது.

கடைசியாகக் கன்றின் கழுத்துக் கயிறு. கன்று வளர்கிறது, கயிறு வளர்வதில்லை. ஈன்ற மாதத்தில் போட்ட முடிச்சை மறந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தோலுக்குள் புதைந்த கயிற்றோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. மாதம் ஒரு முறை, அமாவாசை என்றோ சம்பள நாள் என்றோ உங்களுக்கு நினைவிருக்கும் நாளில், கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் எளிதாக நுழையவில்லையென்றால் முடிச்சை அப்போதே தளர்த்திவிடுங்கள். புண் தெரிந்தால் கயிற்றை நீக்கி, வேப்பெண்ணெய் தடவி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.